ஓஎஸ் பேப்பரில் பவர் மோடு கேள்வி: கேட்டது, நடப்பது, காரணம்

அட்வான்ஸ்டு ஓஎஸ் (ஆப்பரேட்டிங் சிஸ்டம்) பேப்பர் ரிசல்ட் வந்துவிட்டது. பாஸ், அதுவும் எதிர்பார்த்ததைவிட நல்ல மார்க். பவர் மேனேஜ்மென்ட் யூனிட்டில் இருந்து இரண்டு மார்க் கேள்விதான் வரும் என்று எல்லாரும் ஓரங்கட்டி வைத்திருந்தோம், கடைசியில் பெரிய டிசைன் கேள்வியே அங்கிருந்துதான் வந்தது, லேப் டாஸ்க்கும் அதுதான், வைவாவிலும் பாதி நேரம் அதிலேயே போனது. அடுத்து எழுதப் போகிறவர்களுக்கு உதவும் என்பதால் ஞாபகம் இருக்கும்போதே எழுதிவிடுகிறேன்.

கேள்வி இவ்வளவுதான்: ஒரு லேப்டாப் ஓஎஸ்ஸில் பவர் சேவர், பேலன்ஸ்டு, பெர்ஃபார்மன்ஸ் என்று மூன்று மோடுகள் இருக்க வேண்டும், அவற்றுக்கான கட்டுப்பாட்டை வடிவமைக்கவும். இதைப் பார்த்ததும் கை தானாகவே கவர்னர் (சிபியு அதிர்வெண்ணை எப்போது ஏற்றுவது, இறக்குவது என்று முடிவு செய்யும் கர்னல் பகுதி) பட்டியலை எழுதப் போகும். ஆன்டிமாண்ட், கன்சர்வேட்டிவ், ஸ்கெட்யூட்டில் என்று ஒரு பக்கம் நிரப்பலாம், ஆனால் கேட்டது அதுவல்ல. கவர்னர் என்பது அடியில் கிடக்கும் கருவி. கேள்வி அதற்கு மேலே இருப்பதைப் பற்றியது.

நான் முதலில் ஒரு அட்டவணைதான் போட்டேன். மூன்று கட்டம்: பயனர் கேட்டது, இப்போது உண்மையில் நடப்பது, இரண்டும் வேறாக இருந்தால் அதற்குக் காரணம். என்னைக் கேட்டால் இந்த மூன்று கட்டத்தில்தான் மொத்த மார்க்கும் இருக்கிறது. மோடு என்பது பயனர் சொல்லும் விருப்பம், அது கட்டளை ஆகாது. பெர்ஃபார்மன்ஸை அழுத்தியிருப்பார், சிப் சூடேறியதால் ஃபர்ம்வேர் (வன்பொருளுக்குள்ளேயே இருக்கும் மென்பொருள்) கிளாக்கை, அதாவது சிபியு வேகத்தை, இறக்கியிருக்கும், திரையில் மட்டும் பெர்ஃபார்மன்ஸ் என்று பச்சையாக எரிந்துகொண்டிருக்கும். அது பொய் சொல்லும் ஸ்விட்ச். லினக்ஸில் பவர் ப்ரொஃபைல்ஸ் டீமன் (பின்னணியில் ஓடி பவர் மோடுகளைப் பார்த்துக்கொள்ளும் நிரல்) இதைச் சரியாகச் செய்கிறது: பெர்ஃபார்மன்ஸ் தேர்வானாலும் அது முழுதாகக் கிடைக்கவில்லை என்பதைத் தனியாகச் சொல்லும், காரணத்தையும் சொல்லும், வெப்பம் அதிகம் என்றோ கணினி மடியில் இருக்கிறது என்றோ. இந்த ஒரு உதாரணத்தை எழுதியதும் அட்டவணைக்கு உயிர் வந்துவிட்டது.

கேட்டதையும் நடப்பதையும் பிரித்துவிட்டால் மற்ற சிக்கல்கள் தானாக அவிழும். பேட்டரி 20 சதவீதத்துக்குக் கீழே போனதும் ஓஎஸ் தானாக சேவருக்கு மாறுகிறது என்று வையுங்கள். அப்போது "நடப்பது" மட்டும்தான் மாற வேண்டும். "கேட்டது" என்ற கட்டத்தை அழித்து எழுதினால், சார்ஜர் செருகியபிறகு எங்கே திரும்புவது என்று யாருக்கும் தெரியாது. அப்புறம், உள்ளே போவதற்கு 20 என்றால் வெளியே வர 25 என்று இடைவெளி விடுங்கள், ஒரே எல்லை வைத்தால் அந்த இடத்தில் மோடு முன்னும் பின்னும் ஆடிக்கொண்டே இருக்கும்.

செயலிகள் (ஆப்கள்) மோடு கேட்பதும் இதே கதைதான். ஒரு வீடியோ எடிட்டர் ரெண்டர் முடியும்வரை பெர்ஃபார்மன்ஸ் வேண்டும் என்று கேட்கலாம், அதை ஒரு தற்காலிகப் பிடியாகத்தான் கொடுக்க வேண்டும், செயலி செத்தால் பிடியும் போய்விட வேண்டும். ஒரு செயலி சேவரையும் இன்னொன்று பெர்ஃபார்மன்ஸையும் கேட்டால்? பவர் ப்ரொஃபைல்ஸ் டீமனில் சேவர்தான் ஜெயிக்கும். உங்கள் டிசைனில் வேறு யார் வேண்டுமானாலும் ஜெயிக்கட்டும், ஆனால் யார் என்று எழுதியே ஆக வேண்டும்.

சரி, கணக்கு. டைனமிக் பவர் (சிப் வேலை செய்யும்போது இழுக்கும் பவர்) என்பது மின்தேக்கம், மின்னழுத்தத்தின் வர்க்கம், அதிர்வெண் மூன்றின் பெருக்கலோடு ஏறும், இது எல்லாருக்கும் தெரியும். தேர்வில் கேட்பது எனர்ஜி, வாட் இல்லை, ஜூல். நான் எழுதிய கணக்கை அப்படியே தருகிறேன். ஒரு வேலை வேகமாக ஓடினால் 10 வினாடி, சிபியு 20 வாட். மெதுவாக ஓடினால் 20 வினாடி, 8 வாட். திரை, மெமரி போன்ற மற்றவை 7 வாட். 20 வினாடி காலத்துக்குப் பார்ப்போம்.

வேலை முடிந்தும் திரை எரிகிறது, சிபியு சும்மா இருக்க 2 வாட் என்றால், வேகவழிக்கு 270 கூட்டல் 90, ஆக 360 ஜூல். மெதுவழிக்கு 300. மெதுவாகப் போவதே லாபம்.

வேலை முடிந்ததும் மொத்தக் கணினியும் அரை வாட்டில் தூங்கிவிடும் என்றால் வேகவழி 275, மெதுவழி அதே 300. இப்போது ரேஸ் டு ஐடில், அதாவது வேகமாக முடித்துவிட்டுத் தூங்கும் வழி, ஜெயிக்கிறது. ஒரே வேலை, ஒரே சிப், பதில் மட்டும் தலைகீழ். சேவர் மோடு என்றால் கிளாக்கைக் குறைப்பது என்று ஒற்றை வரியில் முடிப்பவர்களுக்கு இங்கேதான் மார்க் போகும். எங்களுக்குக் கொடுத்த நோட்ஸ் ஆன்டிமாண்டோடு நின்றுவிட்டது என்பது எனக்கு இன்னும் ஆறாத கோபம், இந்தக் கணக்கு அதில் எங்குமே இல்லை.

வைவாவில் வந்தவை:

- இன்டெல் பி-ஸ்டேட் டிரைவர் (இன்டெல் சிபியு வேகத்தைக் கட்டுப்படுத்தும் லினக்ஸ் டிரைவர்) ஆக்டிவ் மோடில் இருக்கும்போது பவர்சேவ் கவர்னர் என்ன செய்யும்? அடிமட்ட அதிர்வெண்ணில் பூட்டி வைக்காது, லோடுக்கு ஏற்ப ஏற்றி இறக்கும். பொதுவான பவர்சேவ்தான் அடியிலேயே வைக்கும். பெயர் ஒன்று, நடத்தை வேறு.
- ஈபிபி (வேகமா சிக்கனமா, எதற்கு முன்னுரிமை என்று சிபியுவிடம் சொல்வது) எண் 0 முதல் 255 வரை, 0 என்றால் முழு வேகம் பக்கம், 255 என்றால் சிக்கனம் பக்கம்.
- ஸ்கெட்யூட்டில் கவர்னர் எதற்கு லோடை 1.25ஆல் பெருக்குகிறது? கொஞ்சம் இடம் விட்டு வைக்க. 80 சதவீத லோடிலேயே உச்ச அதிர்வெண்ணைக் கேட்டுவிடும்.
- ஆழமான சி-ஸ்டேட்டுக்கு (சிபியு சும்மா இருக்கும்போது போகும் தூக்க நிலை) எப்போது போகக் கூடாது? அடுத்த விழிப்பு டார்கெட் ரெசிடென்சிக்கு (அந்த நிலையில் இவ்வளவு நேரமாவது இருந்தால்தான் லாபம் என்ற அளவு) முன்பே வந்துவிடும் என்றால்.
- ஸ்கெட்யூலரைத் தொட்ட ஒரு கேள்வி, எனர்ஜி அவேர் ஸ்கெட்யூலிங் (லினக்ஸ் 5.0, 2019). பெரிய கோர், சின்னக் கோர் கலந்த சிப்பில் வேலையை எங்கே வைப்பது என்பது.

ஏசிபிஐ (கணினியின் பவர் நிலைகளை வரையறுக்கும் தரநிலை) ஸ்டேட் அட்டவணை முழுவதையும் மனப்பாடம் செய்யாதீர்கள். ஜி, எஸ், சி, பி, டி ஒவ்வொன்றும் எதைப் பற்றியது என்று தெரிந்தால் போதும். எனக்கு வரைந்தால்தான் மண்டையில் ஏறும், அதனால் வெறும் தாளில் பயனர் தொடங்கி ஃபர்ம்வேர் வரை அம்புக்குறி போட்டு, ஒவ்வொரு அம்பின் மேலும் "இதை யார் மீற முடியும்" என்று எழுதிப் பழகினேன். மற்ற எந்தப் பயிற்சியையும் விட்டாலும் இதை விடாதீர்கள்.

லேபுக்கு: ரேப்பல் கவுன்ட்டர் (சிபியு செலவழித்த எனர்ஜியைக் காட்டும் எண்ணி) மைக்ரோஜூலில் ஏறிக்கொண்டே போகும், ஓட்டத்துக்கு முன்னும் பின்னும் படித்துக் கழியுங்கள். உச்சத்தைத் தொட்டதும் திரும்ப சுழியத்திலிருந்து ஆரம்பிக்கும், கழித்தால் மைனஸ் வந்தால் அதுதான் காரணம், அதிகபட்ச வரம்பைக் கூட்டிவிடுங்கள். புதிய கர்னல்களில் ரூட் அனுமதி இல்லாமல் படிக்கவே விடாது, அதை முதலிலேயே கேட்டு வாங்குங்கள். இரண்டு ஓட்டத்துக்கு நடுவே சிப் ஆற நேரம் கொடுங்கள், இல்லையென்றால் இரண்டாவதாக ஓட்டிய மோடு எதுவானாலும் மோசமாகத்தான் தெரியும். டெர்போவை (சிபியு வழக்கமான வேகத்துக்கு மேலே போகும் வசதி) அணைத்து ஒருமுறை, போட்டு ஒருமுறை எடுத்தால் ரெக்கார்டில் விளக்கம் எழுத சுலபம்.