குரூப் 4 படிப்பவர் போனைச் சுத்தம் செய்யும்போது

டிஎன்பிஎஸ்சி குரூப் 4 தேர்வுக்கு 200 கேள்வி, 300 மதிப்பெண், 3 மணி நேரம். அதற்குப் படிக்கிறவர் போனைத் திறந்தால் ஒரே மாதத்து நடப்பு நிகழ்வுகள் பிடிஎஃப், வேறு வேறு வாட்டர்மார்க்குடன் நாலு தடவை இறங்கியிருக்கும். நாலையும் திறந்திருக்க மாட்டார். அழிக்கச் சொன்னால் மட்டும் கை வராது: "அதுலேர்ந்து ஒரு கேள்வி வந்துட்டா?" ராத்தூக்கத்தைக் கெடுப்பது இந்தப் பயம்தான். போதாததற்கு, இறக்கி வைத்தாலே படித்துவிட்ட மாதிரி ஒரு நிம்மதி வேறு வந்துவிடுகிறது.

பலருடன் உட்கார்ந்து போனைச் சரிசெய்ததில் பிடிபட்ட வரிசை இது. ஆவேசத்தில் எல்லா ஆப்பையும் அழிப்பவர்கள் மூன்றாம் நாளே திரும்ப ஏற்றிவிடுகிறார்கள், வகுப்புத் தகவலும் வாட்ஸ்அப் குரூப்பில்தானே வருகிறது! ஆப் இருக்கட்டும், உள்ளே வருவதை அடைத்தால் போதும்.

முதலில் டெலிகிராம். செட்டிங்ஸில் டேட்டா அண்ட் ஸ்டோரேஜ் போய், மொபைல் டேட்டா, வைஃபை இரண்டுக்கும் தானாக இறங்குவதை நிறுத்துங்கள். பிறகு ஸ்டோரேஜ் யூசேஜில் கேஷை அழியுங்கள். தயங்குகிறவர்களுக்கு இங்கே ஒரு சமாதானம் உண்டு. அழிவது போனில் உள்ள நகல்தான். சேனலில் கோப்பு இருக்கும்வரை மறுபடி இறக்கிக்கொள்ளலாம். சேனல்களில் இரண்டை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றை மியூட் செய்து ஆர்க்கைவில் தள்ளுங்கள். மியூட் செய்யாமல் தள்ளினால் புதுப் பதிவு வந்ததும் பட்டியலுக்கே திரும்பி வந்து நிற்கும். பலர் தோற்பது இங்கேதான்.

வாட்ஸ்அப்பில் மியூட்டுக்கு 8 மணி நேரம், 1 வாரம், எப்போதும் என மூன்று உண்டு. "எப்போதும்" கொடுங்கள். மாதிரித் தேர்வு மதிப்பெண்ணை ராத்திரி பத்து மணிக்குப் போடும் குரூப்பை மட்டும் மியூட் செய்தால் போதாது, வெளியேறிவிட வேண்டும். "எனக்கு 182 சரி" என்று ஒருவர் போட்டதும், 140 எடுத்தவர் புத்தகத்தை மூடிவிட்டு, அந்த 182 எந்தப் புத்தகம் படித்தார் என்று தேடக் கிளம்புகிறார். அப்படித்தான் இன்னும் மூன்று சேனல் சேரும். 182 எடுத்தவர் அதே வினாத்தாளை இரண்டாம் முறை எழுதினாரா என்று யாரும் கேட்பதில்லை.

யூடியூபில் வாட்ச் ஹிஸ்டரியை அழித்து, பதிவாவதையும் நிறுத்தினால் முகப்புப் பக்கம் ஏறக்குறைய வெறுமையாகிவிடும். வேண்டிய பாடத்தைப் பெயர் போட்டுத் தேடிப் பார்க்கலாம். இத்தனையிலும் பெரிய பலன் தருவது இதுதான் என்பது எங்கள் கணிப்பு. இன்ஸ்டாகிராமில் பரிந்துரைப் பதிவுகளை 30 நாள் தள்ளிவைக்கலாம். 31ஆம் நாள் தானாகவே திரும்பி வரும், காலண்டரில் குறித்து வையுங்கள்.

ஆண்ட்ராய்டின் டிஜிட்டல் வெல்பீயிங்கில் ஆப் டைமர் வைப்பவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள்: அது நள்ளிரவில் புதிதாகத் தொடங்கும். இன்ஸ்டாகிராமுக்கு 30 நிமிடம் வைத்தவர் 11.55க்கு முழித்திருந்தால், ஐந்து நிமிடத்தில் இன்னொரு 30 நிமிடம் கையில் வந்துவிடும். பத்து மணிக்கே பெட்டைம் மோடு தொடங்குமாறு வையுங்கள், திரை கறுப்பு வெள்ளையாகிவிடும். போன் அடுத்த அறையில் சார்ஜ் ஏறட்டும். "அலாரத்துக்கு வேணுமே" என்ற சாக்குக்கு ஒரு சாதாரண டைம்பீஸ் போதும்.

அடைத்தபின் படிக்க என்ன மிச்சம்? 6 முதல் 10 வரையிலான தமிழ், சமூக அறிவியல், அறிவியல் பாடநூல்கள், பழைய வினாத்தாள்கள், நடப்பு நிகழ்வுக்கு ஒரே ஒரு மாத இதழ். அறிவிப்பு, ஹால்டிக்கெட் எல்லாம் தேர்வாணைய இணையதளத்தில்தான். வாரம் ஒருநாள், ஞாயிறு காலை அரைமணி நேரம், அதையும் ஆர்க்கைவையும் திறந்து பார்த்தால் போதும்.

முதல் வாரம் கை சும்மா இருக்காது, டீ குடிக்கும்போதெல்லாம் பாக்கெட்டைத் தடவும். அது போய்விடும். போனை அடைத்தும் இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமில்லை, சாப்பாடு இறங்கவில்லை, எதிலும் மனம் ஒட்டவில்லை என்றால் அது செட்டிங்ஸில் தீராது. 14416 என்ற டெலி மானஸ் எண்ணை, அதாவது அரசின் மனநல உதவி எண்ணை, அழையுங்கள். கட்டணம் கிடையாது, தமிழிலேயே பேசலாம்.