சோக்கில் மட்டும் ஓடும் மெஷின்

2025 அக்டோபர் 2, வியாழன்

ஆயுத பூஜைக்கு அரிவாள், மண்வெட்டி, கடப்பாரையோடு மரம் அறுக்கும் மெஷினுக்கும் நேற்று சந்தனம், குங்குமம் வைத்தாயிற்று. விஜயதசமியன்று எல்லாவற்றையும் ஒருமுறையாவது கையில் எடுத்துவிட வேண்டும் என்பது எங்கள் வீட்டு வழக்கம். மெஷின்தான் ஒத்துழைக்கவில்லை.

கயிற்றை இழுத்தால் உறுமுகிறது. சோக்கை எடுத்ததும் நின்றுவிடுகிறது. பாதிச் சோக்கில் விட்டால் ஓடிக்கொண்டே இருக்கிறது. ஆக்சிலரேட்டரை அழுத்தினால் திணறிப் படுத்துக்கொள்கிறது. சோக் என்பது காற்றைக் குறைத்துப் பெட்ரோலைக் கூட்டும் கதவு. அதை மூடினால்தான் ஓடுகிறது என்றால் எஞ்சினுக்குப் பெட்ரோல் பற்றவில்லை. பிளக்கைக் கழற்றினேன். தீப்பொறி நீலமாக, தெளிவாக வருகிறது. முனையோ வெளுத்து, ஈரமே இல்லாமல் கிடக்கிறது.

தேங்காய் பறிக்க வந்தவர் எட்டிப் பார்த்துவிட்டு, "அண்ணே, பக்கத்தில் இருக்கிற ஸ்க்ரூவை அரைச் சுற்று திறந்துவிடுங்கள், சரியாகிவிடும்" என்றார். பேராவூரணிப் பக்கம் எந்த மெஷின் நின்றாலும் முதலில் நீளுவது திருப்புளிதான். சித்திரையில் நன்றாக ஓடிய மெஷின் இது. பரணில் கிடந்த காலத்தில் ஸ்க்ரூ தானாகத் திரும்பியிருக்காது. வேறு ஏதோ மாறியிருக்கிறது.

அக்டோபர் 4, சனி

தொட்டியிலிருந்து எஞ்சின் வரை பெட்ரோல் போகும் வழியைப் பின்தொடர்ந்தேன். முதலில் மூடி. தொட்டிக்குள் காற்று நுழையும் சிறு வழி அடைத்துக்கொண்டால் உள்ளே வெற்றிடம் உண்டாகிப் பெட்ரோல் ஏறாது. மூடியை லேசாகத் தளர்த்தி ஓட்டிப் பார்த்தேன், மாற்றமில்லை. அடுத்து, தொட்டிக்குள் குழாயின் நுனியில் தொங்கும் ஃபில்டர். வளைத்த கம்பியால் வெளியே இழுத்துப் புதியது மாட்டினேன். அப்போதும் அதே திணறல். குழாயை மடக்கிப் பார்த்தேன், வெடிப்பு ஏதும் இல்லை. ஆகவே மிச்சம், பெட்ரோலையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்குத் தரும் கார்பரேட்டர்.

மொபெட் கார்பரேட்டரைக் கழற்றிப் பழகிய கைக்கு இது புதிது. அதில் கீழே கிண்ணம், கிண்ணத்தில் மிதவை. பெட்ரோல் ஏறினால் மிதவை ஏறி ஊசியால் வழியை அடைக்கும். வண்டி நிமிர்ந்தே ஓடுவதால் அது போதும். மரம் அறுப்பவன் மெஷினைச் சாய்ப்பான், படுக்கப் போடுவான், சில வேளை தலைகீழாகவும் பிடிப்பான். மிதவை அங்கே உதவாது. அதற்குப் பதிலாக டயாப்ரம் என்கிற மெல்லிய சவ்வுகள் இரண்டு. ஒன்று எஞ்சினின் கீழ்அறையில் பிஸ்டன் ஏறி இறங்கும்போது எழும் அழுத்தத் துடிப்பால் ஆடி, தொட்டியிலிருந்து பெட்ரோலை உறிஞ்சும். மற்றது எஞ்சின் இழுக்கும் அளவுக்கு உள்வாங்கி, சிறு நெம்புகோலை அழுத்தி ஊசியைத் திறக்கும். இத்தனையும் தீப்பெட்டியைவிடச் சற்றே பெரிய ஓர் அலுமினியக் கட்டிக்குள்.

அக்டோபர் 5, ஞாயிறு

கழற்றினேன். வாசல் திண்ணையில், நிழலில், அடுப்பிலிருந்து நன்றாகத் தள்ளி.

கழற்றுவதைவிட அதற்கு முன்னால் செய்ய வேண்டியதற்கே நேரம் பிடித்தது. தொட்டியைக் காலி செய்து, பிளக் மூடியை உருவி வைத்தேன். மேல் மூடியைத் திறப்பதற்கு முன் பெயிண்ட் பிரஷால் மரத்தூளை எல்லாம் தட்டினேன். தென்னையின் தூள் எண்ணெயில் ஊறிக் கெட்டியாக ஒட்டியிருந்தது. அதில் ஒரு துணுக்கு உள்ளே விழுந்தாலும் பிஸ்டனுக்குக் கேடு. சோக்கை மூடிய நிலையில் வைத்த பிறகே ஏர் ஃபில்டரை எடுத்தேன். பிறகு போன் கேமராவில் நாலு பக்கமும் படம். ஆக்சிலரேட்டர் கம்பி எந்த ஓட்டையில் நுழைகிறது, சோக் கம்பி எந்தப் பக்கம் வளைகிறது என்பதெல்லாம் அப்போது பளிச்சென்று நினைவில் இருப்பதுபோல் தோன்றும். இரண்டு நாள் கழித்து ஒன்றும் இருக்காது.

கார்பரேட்டரைப் பிடித்திருப்பவை இரண்டே நீள போல்ட்டுகள். எல் கீயால் இரண்டையும் மாறி மாறித் தளர்த்தி, கம்பிகளைக் கழற்றி, பெட்ரோல் குழாயைக் கார்பரேட்டரின் மூக்கிலிருந்து முறுக்கியபடி உருவினேன். வெடுக்கென்று இழுத்தால் குழாய் கிழியும். எஞ்சின் பக்கம் திறந்து கிடந்த வாயில் சுத்தமான துணியைத் திணித்தேன். இடுக்கில் காற்று புகாமல் அடைக்கும் தகடான கேஸ்கெட்டின் எந்த முகம் உள்ளே இருந்தது என்று பேனாவால் குறித்துக்கொண்டேன்.

வெள்ளைத் துணி விரித்த தட்டில் வைத்துப் பிரித்தேன். ("பூஜைத் தட்டு அது" என்று உள்ளேயிருந்து குரல் வந்ததும் தட்டு மாறியது.) ஒரு பக்க மூடிக்கு ஒரு ஸ்க்ரூ, மறுபக்கத்துக்கு நான்கு. உள்ளே பழுப்பு நிறத்தில் பிசின். சித்திரையில் தொட்டியில் விட்ட பெட்ரோல் ஆவியாகி, அதன் கசடும் கலந்திருந்த ஆயிலும் தங்கிக் கெட்டியானது. நெம்புகோலை அழுத்தும் சவ்வை விரலால் தொட்டேன். மெத்தென்று இருக்க வேண்டியது, பழைய எக்ஸ்ரே பிலிம்போல் கரகரவென்று சத்தம் போடுகிறது. விறைத்த சவ்வு முழுதாக உள்வாங்காது, ஊசியும் முழுதாகத் திறக்காது. எந்த ஸ்க்ரூவைத் திருப்பினாலும் இது மெத்தென்று ஆகியிருக்காது.

அக்டோபர் 7, செவ்வாய்

பட்டுக்கோட்டை. சவ்வு, கேஸ்கெட், ஊசி, நெம்புகோல் எல்லாம் அடங்கிய ரிப்பேர் கிட் கேட்டேன். கடைக்காரர் முழுக் கார்பரேட்டரைத்தான் எடுத்து வைத்தார். "கிட் போட்டு யார் சார் மெனக்கெடுவது? மாற்றிவிட்டுப் போங்கள்." அவர் சொல்வதிலும் நியாயம் உண்டு, இந்தச் சீன மெஷின்களுக்குக் கார்பரேட்டர் அப்படியொன்றும் விலையில்லை. ஆனால் என்னுடையதில் உலோகம் எதுவும் தேயவில்லை. நெம்புகோல் அச்சு ஆடவில்லை, ஆக்சிலரேட்டரை அழுத்தினால் திறக்கும் பட்டாம்பூச்சி வால்வின் தண்டிலும் ஆட்டமில்லை. கெட்டது ரப்பர் மட்டுமே. கார்பரேட்டரின் உடலில் பொறித்திருந்த எழுத்தைக் காட்டி, பழைய சவ்வின் மேல் புதியதை வைத்து ஓட்டைக்கு ஓட்டை ஒப்பிட்டு, கிட் வாங்கி வந்தேன்.

இந்த 58 சிசி மெஷின்கள் எங்கள் பக்கம் பரவியது கஜா புயலுக்குப் பிறகுதான். 2018 நவம்பர் 16 அதிகாலையில் அடித்த காற்றில் விழுந்த தென்னைகளைக் கோடாரியால் வெட்டி முடியாது. அன்று ஊரே வாங்கியது. இன்று பாதி வீடுகளில் பரணில் கிடக்கின்றன. வருடத்துக்கு இரண்டு முறை எடுக்கும் மெஷினில்தான் இந்த நோய் வரும். தினமும் ஓடுவதில் பெட்ரோல் தங்க நேரமில்லை.

அக்டோபர் 9, வியாழன்

சுத்தம் செய்தேன். கண்ணாடி போட்டுக்கொண்டு, கார்பரேட்டர் கிளீனர் ஸ்பிரேயைத் துளைகளில் அடித்தேன். ஒரு துளையில் விட்டால் மறுபக்கத்தில் எங்கெங்கோ பீச்சும், கண்தான் முதலில் மாட்டும். ஊசி, கம்பி எதையும் துளைக்குள் விடவில்லை. முடியளவு பெரிதானாலும் கலவை மாறிவிடும். பஞ்சர் கடையில் காற்றடித்தும் வாங்கினேன், சவ்வுகள் எதுவும் மாட்டாத நிலையில்.

பெட்ரோல் அளவைக் கூட்டிக் குறைக்கும், எல் (குறைந்த வேகத்துக்கு), எச் (முழு வேகத்துக்கு) என்று குறித்த இரண்டு ஸ்க்ரூக்களையும் வெளியே எடுப்பதற்கு முன், அவை உட்காரும் வரை மெதுவாக உள்ளே திருப்பி எத்தனை சுற்று என்று எழுதிக்கொண்டேன். இறுக்கி முறுக்கினால் கூர்முனை நசுங்கும்.

நெம்புகோலின் உயரம்தான் இதில் நுணுக்கம். உயர்ந்தால் பெட்ரோல் வழியும், தாழ்ந்தால் பழைய பட்டினியே. பழையதன் உயரத்தை எஃகு ஸ்கேலை மேலே வைத்துப் பார்த்திருந்தேன், புதியதையும் அதே மட்டத்துக்குக் கொண்டுவந்தேன். பிறகு பெட்ரோல் மூக்கில் துண்டுக் குழாய் மாட்டி வாயால் ஊதினேன். காற்று போகவில்லை, ஊசி நன்றாக உட்கார்ந்திருக்கிறது. நெம்புகோலை அழுத்தியதும் போனது.

சவ்வும் கேஸ்கெட்டும் அடுக்கும் வரிசை இரண்டு பக்கமும் ஒன்றல்ல. ஊசிப் பக்கத்தில் கேஸ்கெட் முதலில், அதன்மேல் சவ்வு. பம்ப் பக்கத்தில் சவ்வு முதலில். படம் எடுத்தது இங்கே கைகொடுத்தது.

அக்டோபர் 11, சனி

மாட்டியாயிற்று. கேஸ்கெட்டில் பெரிய துளைக்குப் பக்கத்தில் ஒரு சிறு துளை இருக்கிறது. எஞ்சினின் துடிப்பு அதன் வழியாகத்தான் பம்ப் சவ்வுக்கு வருகிறது. கேஸ்கெட்டைப் புரட்டி மாட்டினால் துளை மூடிக்கொள்ளும், எத்தனை இழுத்தாலும் பெட்ரோல் ஏறாது. இரண்டு போல்ட்டையும் மாறி மாறி, சமமாக இறுக்கினேன். ஒரு பக்கம் தூக்கிக்கொண்டால் அந்த இடுக்கில் காற்று நுழையும். ஆக்சிலரேட்டரை அழுத்தி விட்டதும் வால்வு தானாக மூடுகிறதா என்று மூடி போடுவதற்கு முன்பே பார்த்துக்கொண்டேன்.

புதுப் பெட்ரோல், லிட்டருக்கு 40 மில்லி டூ-டி ஆயில், அதாவது 25க்கு 1. மெஷினோடு வந்த தாள் சொல்லும் அளவு. 50க்கு 1 கேட்கும் மெஷின்களுக்கு 20 மில்லி. பங்க்கில் இப்போது கிடைப்பது 20 சதவீதம் வரை எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனால் ஈரத்தை இழுக்கும், பழைய ரப்பருக்கும் ஒத்துக்கொள்ளாது. கேனில் மாதக்கணக்கில் வைத்திருந்து பயனில்லை.

முதலில் கொஞ்சம் அடம், காலிக் குழாய் நிரம்ப வேண்டுமே. பிறகு பிடித்தது. சோக்கை எடுத்தேன், நிற்கவில்லை. சூடேற விட்டு, அதன் பிறகே திருப்புளியை எடுத்தேன். முதலில் எல்: ஆக்சிலரேட்டரை அழுத்தியதும் தயங்காமல் ஏறும் இடத்தில் நிறுத்தினேன். அடுத்து ஐடிலிங் ஸ்க்ரூ: எஞ்சின் ஓட வேண்டும், செயின் அசையக் கூடாது. எச் ஸ்க்ரூவை எழுதி வைத்த சுற்றிலேயே விட்டேன். அதை உள்ளே திருப்பினால் வேகம் கூடிச் சத்தமும் மிரட்டலாக வரும், பலர் அதில் மயங்குவார்கள். ஆனால் இந்த எஞ்சினுக்கு ஆயில் போவதே பெட்ரோலோடுதான். பெட்ரோலைக் குறைத்தால் ஆயிலும் குறையும், பிஸ்டன் சூடேறிச் சிலிண்டரில் கீறல் விழும். முழு வேகத்தில் சும்மா ஓடும்போது சற்றே கரகரத்து, மரத்தில் வைத்ததும் தெளிய வேண்டும். தெளிந்தது.

அக்டோபர் 14, செவ்வாய்

மழைக்கு முன் வேலையை முடித்தேன். கூரைமேல் சாய்ந்திருந்த பூவரசங்கிளைகளை இறக்கி, அடுப்புக்கு ஆகும் நீளத்தில் துண்டுபோட்டேன். சூட்டோடு நிறுத்தி மறுபடி இழுத்தாலும் உடனே பிடிக்கிறது. மாலையில் தொட்டியைக் காலி செய்து, தானாக நிற்கும் வரை ஓடவிட்டுப் பரணில் ஏற்றினேன்.

சத்தம் கேட்டு வந்த பக்கத்துத் தோப்புக்காரர், முதுகில் மாட்டும் பவர் ஸ்பிரேயரைத் திண்ணையில் இறக்கினார். "இதுவும் சோக்கில்தான் ஓடுகிறது. அதே சவ்வுதானே?" மூடியைத் திறந்தேன். கீழே கிண்ணம், உள்ளே மிதவை. முதுகில் எப்போதும் நிமிர்ந்தே இருக்கும் மெஷின் அல்லவா. கிட் வாங்கப் பட்டுக்கோட்டை போக வேண்டியதில்லை, முதலில் கிண்ணத்தையும் பெட்ரோல் வரும் துளைகளையும் சுத்தம் செய்து பார்க்கலாம் என்றேன். நாளைக் காலையில் செய்யலாம் என்று விட்டுவிட்டுப் போயிருக்கிறார்.