ஆஸ்டியோகால்சினை வைத்து ஒரு செமினார்

எம்.எஸ்சி. உயிர்வேதியியல் கடைசி செமஸ்டரில் எனக்கு வந்த செமினார் தலைப்பு ஆஸ்டியோகால்சின். மனிதரில் 49 அமினோ அமிலங்களே கொண்ட குட்டிப் புரதம். எலும்பைக் கட்டும் ஆஸ்டியோபிளாஸ்ட் செல்கள் சுரப்பது. சீக்கிரம் முடிந்துவிடும் என்றுதான் உட்கார்ந்தேன்.

கட்டுரைகளைப் படிப்பதற்கு முன் கட்டமைப்பைத் திரையில் பார்த்துவிடுவது என் வழக்கம். புரதங்களின் முப்பரிமாணக் கட்டமைப்புகளைச் சேர்த்துவைக்கும் பிடிபி தளத்தில் 1கியூ8ஹெச் என்று தேடினால் 2003இல் வெளியான பன்றி ஆஸ்டியோகால்சினின் படிகக் கட்டமைப்பு கிடைக்கும். அதை இறக்கி, மூலக்கூறுகளைத் திரையில் காட்டும் பைமால் மென்பொருளில் திறந்தேன். மூன்று ஆல்பா சுருள்கள் தெரிந்தன. 17, 21, 24 ஆகிய இடங்களில் இருப்பவை சாதாரண குளுட்டமேட் அமினோ அமிலம் அல்ல. வைட்டமின் கே துணையோடு கூடுதலாக ஒரு கார்பாக்சில் (COOH) தொகுதி ஏறியவை. அதனால் குளுட்டமேட் என்று தேடினால் இவை வராது, இந்த மாறிய வடிவத்தின் குறியீடான சி.ஜி.யூ. என்று கொடுக்க வேண்டும். நிறம் கொடுத்துப் பார்த்தால் மூன்றும் முதல் சுருளின் ஒரே பக்கத்தில், நண்டுக் கொடுக்கு போலக் கால்சியத்தைப் பிடித்திருக்கின்றன. அந்தப் பரப்பில் ஐந்து கால்சியம் அயனிகள். அவற்றின் இடைவெளி எலும்புத் தாதுவான ஹைட்ராக்சிஅபடைட்டின் கால்சிய அடுக்கோடு பொருந்துகிறது. இந்த ஒரு படமே செமினாரில் பாதி நேரத்தை ஓட்டிவிடும்!

வளர்சிதை மாற்றப் பகுதிதான் இழுத்தது. எலும்பை அரிக்கும் ஆஸ்டியோகிளாஸ்ட் சுரக்கும் அமிலத்தில் அந்தக் கூடுதல் கார்பாக்சில் கழன்றுவிடும். பிடி தளர்ந்த புரதம் ரத்தத்துக்குப் போய் இன்சுலின் சுரப்பைத் தூண்டுகிறது என்பது எலும்பு ஆய்வாளர் ஜெரார்ட் கார்சென்டியின் குழு 2007 முதல் சொல்லிவரும் கதை. அழகான கதைதான். ஆனால் 2020இல் இரண்டு குழுக்கள் ஆஸ்டியோகால்சின் மரபணுக்களை நீக்கிய எலிகளைப் புதிதாக உருவாக்கிப் பார்த்தபோது ரத்தச் சர்க்கரையில் கோளாறு தெரியவில்லை. அவற்றில் ஜப்பானியக் குழு பார்த்தது எனக்கு இன்னும் சுவாரசியமாக இருந்தது: எலும்பின் அளவு குறையவில்லை, தாதுப் படிகங்கள் எலும்பிலுள்ள கொலாஜன் புரத இழைகளின் திசையில் ஒழுங்காக அடுக்கப்படாமல் எலும்பின் வலிமை குறைந்திருந்தது. கட்டமைப்பைப் பார்த்தவர்களுக்கு இது நம்பும்படியாகவே இருக்கும்.

அதனால் ஸ்லைடில் 'எலும்பு ஒரு ஹார்மோன் சுரப்பி' என்று போடாமல், இரண்டு தரப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன்.

எதிர்பார்த்த கேள்வி வந்தது: "அப்போ வார்ஃபரின் சாப்பிடுபவர்களுக்குச் சர்க்கரை குறையணுமே?" ரத்தம் உறைவதைத் தடுக்கும் மருந்தான வார்ஃபரின் வைட்டமின் கே சுழற்சியைத் தடுப்பதால் கார்பாக்சில் ஏறாத வடிவம் ரத்தத்தில் கூடும், அதை மட்டும் வைத்துச் சர்க்கரை குறையும் என்று சொல்ல முடியாது என்றேன். சரி, அடுத்த ஸ்லைடுக்குப் போங்கள் என்றார்கள்.