கார்ட்டர் பாம்புகள்: ஒரே தொட்டியில் இரண்டு மூன்று

பாம்புகளைச் சேர்த்து வளர்க்கக் கூடாது என்பது பொதுவிதி. வட அமெரிக்காவின் சிறு பாம்பான கார்ட்டர் பாம்பு அதற்கு விலக்கு; குளிர்காலத்தில் கூட்டமாக வளைக்குள் முடங்கும் இனம். ஆனால் உருவ அளவு ஒத்திருக்க வேண்டும். புதுவரவை 90 நாள் தனியே வைத்து, மலப் பரிசோதனை முடிந்தபின் சேருங்கள்.

வம்பு சாப்பாட்டு வேளையில்தான். ஒரே மண்புழுவின் இரு முனைகளை இரண்டு பாம்புகள் கவ்வும். இரண்டும் விடாது; விழுங்கியபடியே நெருங்கும். முகம் முட்டியதும் ஒன்று மற்றதன் தலையையும் சேர்த்து விழுங்கப் பார்க்கும். ஆகவே தனித்தனி டப்பாவில் தீனி. வாயில் ஒட்டிய தீனி வாசனை போனபிறகே தொட்டிக்குத் திருப்புங்கள்.

வெயில் காயும் மூலை 30 டிகிரி, மறுகோடி 23. மூன்று பாம்புக்கு நான்கு மறைவிடம். ஆணும் பெண்ணும் சேர்ந்தால் முட்டையல்ல, நேரே குட்டிகள்தான். பத்து இருபது கூட வரும்.