லைட் ஹவுஸ் பக்கத்தில் நில்லுங்கள்

31 ஆண்டுகள் ஒரு வக்கீலிடம் குமாஸ்தாவாக இருந்தேன். வெளியூர்க் கட்சிக்காரர்கள் சென்னை உயர் நீதிமன்ற வாசலில் திகைத்து நின்று போன் செய்தால், "பழைய லைட் ஹவுஸ் பக்கத்தில் நில்லுங்கள், வருகிறேன்" என்பேன். பாதிப்பேர் சிவப்புக் கட்டடத்தின் உயரமான கோபுரத்தை அண்ணாந்து பார்த்தபடி வேறெங்கோ நிற்பார்கள். அவர்களைக் குறைசொல்ல முடியாது. 1894 முதல் அதன் உச்சியில்தான் விளக்கு எரிந்தது.

நான் சொன்னது அதே வளாகத்தில் நிற்கும் கல்தூணை. 1844 புத்தாண்டு நாளில் விளக்கேற்றப்பட்டது. உயரம் ஏறத்தாழ 125 அடி. அதற்கு முன்பு, 1796 முதல், கோட்டைக்குள் இன்று அருங்காட்சியகமாக இருக்கும் கட்டடத்தின் மாடியில் தேங்காய் எண்ணெய் விளக்கு எரிந்தது. சென்னைக்கு அப்போது துறைமுகமே கிடையாது. கப்பல்கள் அலைக்கு அப்பால் நங்கூரமிடும்; ஆளும் சரக்கும் மசூலா படகில்தான் கரை சேர வேண்டும். கரை எங்கே என்று இருட்டில் தெரியாத மாலுமியின் கதியை நினைத்துப் பாருங்கள்.

தூணை வடிவமைத்தவர் மதராஸ் பொறியாளர் படையின் கேப்டன் ஜே. டி. ஸ்மித். கிரேக்கக் கோயில்களின் டோரிக் பாணியைப் பல்லாவரத்துக் கல்லில் நிறுத்திக் காட்டினார். சுண்ணாம்புக் கலவையைப் பற்றிய பிரெஞ்சு நூல் ஒன்றை ஆங்கிலத்தில் பெயர்த்து 1837இல் வெளியிட்டவரும் இவரே. இதைப் படித்த பிறகு, மதியம் தயிர்சாதத்தோடு அடிப்பீடத்தில் உட்காரும்போதெல்லாம் கல்லும் கல்லும் சேரும் இடத்தை விரலால் தடவிப் பார்ப்பேன். பீடத்துக் கல்லில் காக்கை எச்சம் உண்டு, யாரோ தேய்த்துவிட்டுப் போன சுண்ணாம்பு விரல்கூட உண்டு. ஸ்மித் பூசிய சுண்ணாம்பு மட்டும் உதிரவில்லை. மனிதர் பின்னாளில் நாணயச் சாலைக்கும் தலைவராக இருந்தார். அந்த இடுக்கில் ஒரு காசு நுழையாது.

லைட் ஹவுஸுக்குத் தமிழில் கலங்கரை விளக்கம். கலம் என்றால் கப்பல், கரைதல் என்றால் அழைத்தல். கப்பலைக் கூப்பிடும் விளக்கு என்று நம்மவர்கள் எவ்வளவு அழகாகப் பெயர் வைத்திருக்கிறார்கள்! தூண் கூப்பிடுவதை நிறுத்திவிட்டது. அதைச் சுற்றி இப்போது கட்சிக்காரர்களைக் கூப்பிடும் குமாஸ்தாக்கள்தான்.

கோபுரத்து விளக்குக்கும் ஓய்வு வந்தது. 1977இல் மெரினாவில் சிவப்பும் வெள்ளையுமாக முக்கோணக் கோபுரம் எழுந்தது. அதில் லிஃப்ட் உண்டு. 2013இல் பொதுமக்களுக்கும் திறந்துவிட்டார்கள். எனக்கு வினை வந்தது அதனால்தான்.

திண்டிவனத்துப் பக்கத்துப் பெரியவர் ஒருவர். ஆட்டோக்காரரிடம் "லைட் ஹவுஸ்" என்றிருக்கிறார். அவர் நேரே மெரினாவில் இறக்கிவிட்டார். இங்கே கேஸ் வாய்தா போட்டாகிவிட்டது. மாலை நாலு மணிக்கு வந்து சேர்ந்தவரிடம் எரிந்து விழுந்தேன். அவர் சட்டைப் பையிலிருந்து டிக்கெட்டை எடுத்து நீட்டினார்.

"லிஃப்டில் உச்சி வரைக்கும் போய்ப் பார்த்துவிட்டேன் தம்பி. நீங்கள் அங்கேயும் இல்லை."