அதே அமிலம்தானே, சார்?

கோபமாகக் கேட்டிருந்தால் இந்நேரம் மறந்திருப்பேன். வகுப்பில் சந்தேகம் கேட்கிற குரலில்தான் அந்த ஆராய்ச்சி மாணவி கேட்டாள். “லித்தியம் ஃப்ளோரைடை ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் போட்டால் உள்ளே உண்டாவது அதே ஹைட்ரோஃப்ளோரிக் அமிலம்தானே, சார்? அதற்குக் கையெழுத்துப் போடுகிறீர்கள். அமிலத்தையே நேராக ஊற்றும் இதற்கு மட்டும் ஏன் இல்லை?”

“அளவு வேறு, அம்மா” என்றேன்.

“அளவு குறைந்தால் ஆபத்து இல்லை என்று பாட்டிலில் எழுதி ஒட்டலாமா, சார்?”

அவளுடைய வழிகாட்டி ஏற்கெனவே ஒப்புதல் தந்துவிட்டார். பாதுகாப்புப் பொறுப்பாளர் என்ற முறையில் என் கையெழுத்துதான் பாக்கி. நான் போடவில்லை.

பேட்டரிக்காக அவள் செய்யக் கேட்டது நயோபியம் கார்பைடு மேக்சீன். பேட்டரி ஆராய்ச்சியைக் காரைக்குடிக்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை; அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்ச ரூபாயும் கொடுத்து, 1953இல் மின்வேதியியல் நிறுவனம் திறக்கப்பட்ட ஊர் இது. (எங்கள் ஆய்வகம் அதைச் சேர்ந்ததன்று.) மேக்சீனுக்கு மட்டும் இரண்டு வரி சொல்லிவிடுகிறேன். டைட்டானியம் அலுமினியம் கார்பைடு போன்ற அடுக்குப் பொருளிலிருந்து அலுமினியத்தை மட்டும் அமிலம் தின்றுவிட்டால், எஞ்சுவது சில அணுக்கள் தடிமனே உள்ள கார்பைடுத் தகடுகள். 2011இல் அமெரிக்காவின் டிரெக்சல் பல்கலைக்கழகத்தில் ஹைட்ரோஃப்ளோரிக் அமிலத்தைக் கொண்டு முதலில் செய்தார்கள். உலோகம்போல் மின்சாரம் கடத்தும். தண்ணீரிலும் நன்றாகக் கலந்து நிற்கும். இரண்டும் ஒரே பொருளில் அமைவது அபூர்வம்.

டைட்டானியத்துக்கு 2014இல் மென்மையான வழி வந்தது. லித்தியம் ஃப்ளோரைடு, ஹைட்ரோகுளோரிக் அமிலம்; பின்னாளில் 35 டிகிரி, 24 மணி நேரமே போதும் என்றானது. சித்திரை வெயிலில் எங்கள் ஊரில் அதற்கு அடுப்பே வேண்டாம். நயோபியம் அவ்வளவு எளிதில் அலுமினியத்தை விடாது. 50 சதவீத ஹெச்எஃப், அதாவது ஹைட்ரோஃப்ளோரிக் அமிலமே வேண்டும், அதுவும் நாட்கணக்கில்.

நாட்கணக்கில் என்ற சொல்தான் என்னை நிறுத்தியது என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். அந்த அமிலம் கண்ணாடியைத் தின்னும். அதனால் டெஃப்லான் குப்பியில்தான் வைப்போம். தோலில் பட்டால் உள்ளே இறங்கிக் கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும். இரத்தத்தில் கால்சியம் சரிந்தால் இதயமே நின்றுபோகலாம். கால்சியம் குளுக்கோனேட் ஜெல்லை உடனே தடவ வேண்டும், பிறகு ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். பெரிய ஆஸ்பத்திரி என்றால் மதுரை. நள்ளிரவில் அந்தச் சாலையில் ஒரு பெண்பிள்ளையை வண்டியில் ஏற்றிக்கொண்டு போவதை நான் கற்பனை செய்துவிட்டேன். கற்பனை செய்த பிறகு கை பேனாவைத் தொடவில்லை.

இது நியாயமான காரணம். ஆனால் அவளுடைய கேள்விக்கு இது பதில் அன்று. 50 சதவீத அமிலம் பட்டால் அந்த நிமிடமே எரியும். கையை உதறிக்கொண்டு குழாயடிக்கு ஓடுவோம். 20 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் வலி பல மணி நேரம் கழித்தே வரலாம். கையைக் கழுவி, சாப்பிட்டு, விடுதியில் படுத்த பிறகும் அது உள்ளே வேலை செய்துகொண்டிருக்கும். நான் கையெழுத்துப் போட்ட முறையில் உண்டாவது அந்த மென்கரைசல்தான். அப்படியானால் நான் எதைத் தடுத்தேன், எதை அனுமதித்தேன்?

வெறுமனே மறுக்கவுமில்லை. உருகிய உப்பில் அலுமினியத்தை நீக்கும் முறை வந்துவிட்டதே, அதில் ஹெச்எஃப் வேண்டாமே என்றேன். “தகட்டின் மேல் குளோரின் உட்காரும், சார். என் வேலைக்கு ஆக்சிஜன் வேண்டும்” என்றாள். அவள் சொன்னது சரி. தகட்டின் முகத்தில் ஆக்சிஜனா, ஃப்ளோரினா, குளோரினா என்பதைப் பொறுத்துப் பொருளின் குணமே மாறும். பாடத்தில் அவள் என்னைவிடத் தெளிவாக இருந்தாள். சண்டை பாடத்தைப் பற்றியதாக இருந்திருந்தால் அங்கேயே தோற்றிருப்பேன்.

கடைசியில் டைட்டானியத்தில்தான் பட்டம் வாங்கினாள். பொடியைச் சிட்டிகை சிட்டிகையாக அமிலத்தில் தூவுவாள். ஒவ்வொரு சிட்டிகைக்கும் நுரை பொங்கி அடங்கும்வரை கரண்டியைத் தூக்கிப் பிடித்தபடியே நிற்பாள். அவசரப்பட்டு ஒருநாளும் கொட்டியதில்லை. கழுவிக் கழுவி, கரும்பச்சைக் குழம்பை வடிகட்டி எடுத்த படலம் பளபளவென்று இருந்தது. மின்காந்த அலைகளைத் தடுக்கும் படலத்தைப் பற்றி எழுதினாள். அந்தத் துறையில் 2016இலேயே 45 மைக்ரோமீட்டர் படலத்துக்கு 92 டெசிபல் தடுப்புத்திறன் வந்துவிட்டது. புதிதாகச் சொல்ல அவளுக்கு மிச்சமிருந்தது கொஞ்சம்தான்.

இப்போது தென்கொரியாவில் தினமும் ஹெச்எஃப் கையாள்கிறாள். ஒன்றும் ஆகவில்லை. இங்கே செய்திருந்தாலும் ஆகியிருக்காது என்று அதற்குப் பொருளா? அங்கே உள்ள ஏற்பாடுகள் இங்கே இல்லை என்பேன். சிட்டிகை பார்த்துத் தூவுகிற கையை அவ்வளவு நாள் பக்கத்திலிருந்து பார்த்தவனும் நான்தான்.

அண்மையில் ஒரு மாணவன் வனேடியம் கார்பைடு கேட்டு வந்தான். அதற்கும் ஹெச்எஃப்தான். பகலில் மட்டும், இரண்டு பேர் இருக்கும்போது மட்டும் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். “அந்தப் பெண்ணுக்கும் இதையே எழுதியிருக்கலாமே” என்றார் அவளுடைய வழிகாட்டி. அமிலப் புகையை உறிஞ்சி வெளியேற்றும் புகைக்கூண்டு அப்போது பழையது, இப்போது புதிது வந்துவிட்டது என்றேன். அது உண்மைதான். ஆனால் அன்று படிவத்தைத் திருப்பித் தந்தபோது புகைக்கூண்டின் நினைவே எனக்கு இல்லை.