நான் ஊத்தலை, தெளிச்சேன்

நான் தொட்டியில் வைத்திருந்த எச்செவேரியா, அந்தத் தடித்த இலைச் செடி, போய்ச் சேர்ந்துவிட்டது. நேற்று பால் பாக்கெட் எடுக்கப் போனபோது பால்கனிப் பக்கம் எட்டிப் பார்த்தேன், பார்வைக்கு நன்றாகத்தான் இருந்தது, கொஞ்சம் பளபளப்பு கூட. தொட்டதும் அடி இலைகள் வெந்த வெங்காயம் மாதிரி வழுக்கிக்கொண்டு கையோடு வந்தன. தண்டு கறுத்து நசநசவென்று ஆகியிருந்தது. வாசனையைச் சொல்ல வேண்டாம், காபி நேரம்.

180 ரூபாய். ஈசிஆர் ஓர நர்சரியில் வாங்கி, கார் குலுங்காமல் மடியில் வைத்துக் கொண்டுவந்தது. வந்த அன்றே அப்பா, "180 ரூபாய்க்குக் குட்டி கோஸா? இதுல கூட்டு கூட வராதே" என்றார். அம்மா வாயில் அது 'எச்சவாரியா'. மெக்சிகோவில் செடிகொடிகளைப் படம் படமாக வரைந்த அத்தனாசியோ எச்செவெரியா என்ற ஓவியரின் நினைவாக 1828-இல் வைத்த பெயர் என்று ஒருநாள் விளக்கிச் சொன்னேன். "பாவம், அவங்க அம்மா நல்ல பேரா வெச்சிருக்கலாம்" என்றாள்.

முதல் அடி அம்மா கொடுத்ததுதான். அந்த இலைகள் மேல் கறுப்புத் திராட்சையில் இருக்குமே, அந்த மாதிரி ஒரு வெள்ளைப் பூச்சு. வெயிலிலிருந்து காப்பாற்றிக்கொள்ள செடியே பூசிக்கொள்கிற மெழுகு. விரல் பட்டால் ரேகை விழும், விழுந்த இடத்தில் மறுபடி வராது. நான் ஆபீஸ் போய்த் திரும்புவதற்குள் அம்மா ஈரத்துணியால் ஒவ்வொரு இலையாகத் துடைத்து, "எவ்ளோ தூசி பாரு, நீ கண்டுக்கவே மாட்டே" என்று காட்டினாள். குத்துவிளக்கு மாதிரி இருந்தது.

சரி, போகட்டும், தண்ணீராவது ஊற்றாமல் இருப்பார்கள் என்று தொட்டியில் ஸ்கெட்ச் பேனாவால் எழுதி ஒட்டினேன்: தண்ணீர் ஊற்றாதீர்கள். அது பகலில் இலைத் துளைகளை மூடிக்கொண்டு ராத்திரி மட்டும் திறந்து மூச்சு விடுகிற ஜாதி, உள்ளே போன தண்ணீரை லேசில் வெளியே விடாது. மண் நன்றாகக் காய்ந்தபிறகு ஒரு டம்ளர் ஊற்றினால் போதும். இந்த மழைக்காலத்தில் அதுகூடத் தேவைப்பட்டிருக்காது. நவம்பரில் எங்கள் வீட்டுப் பப்படமே டப்பாவுக்குள் நமத்துப் போகிறது.

நேற்று விசாரணை வைத்தேன். அம்மா வாரத்துக்கு இரண்டு தடவை அரிசி களைந்த தண்ணீர் ஊற்றியிருக்கிறாள், "அது தண்ணி இல்லையே, சத்து". வேலைக்கு வருகிற அக்கா, மாப் போடும்போது மண் காய்ந்து கிடப்பதைப் பார்த்து மனசு கேட்காமல் ஒரு சொம்பு, "உங்ககிட்ட சொன்னா திட்டுவீங்கன்னு சொல்லலை". அப்பாவிடம் கேட்டால் பேப்பரை விட்டுத் தலையே எடுக்கவில்லை. "நான் ஊத்தலை, தெளிச்சேன்." தினமுமா? "காலைல மட்டும்." எழுதி ஒட்டிய சீட்டில் எழுத்தெல்லாம் கரைந்து 'தண்ணீர் ஊற்' வரைக்கும்தான் மிச்சம் இருந்தது, அதைப் படித்துவிட்டுத்தான் ஊற்றினார்கள் என்றுகூட வாதாடலாம்.

(நானும் சனிக்கிழமை அரை டம்ளர் ஊற்றினேன். அதை விசாரணையில் சொல்லவில்லை.)

அப்பாவைச் சொல்லியும் பயனில்லை. 2019 கோடையில் தெருவே குடத்தோடு லாரிக்குக் காத்து நின்றபோது அவருடைய செம்பருத்தி கண்ணெதிரே காய்ந்தது. பாத்திரம் கழுவிய தண்ணீரை வடிகட்டி எடுத்துப்போய் ஊற்றிப் பார்த்தார், பிழைக்கவில்லை. அதற்கப்புறம் குழாயில் தண்ணீர் வருகிற வரை எந்தச் செடியும் இந்த வீட்டில் தாகத்தால் சாகக் கூடாது என்று இருக்கிறார். மூழ்கிச் சாவதைப் பற்றி அவருக்குச் சட்டம் எதுவும் இல்லை.

இதில் எனக்கு எரிச்சல் என்னவென்றால், வாசல் நிலையில் தலைகீழாகத் தொங்குகிற கற்றாழை. கிரகப்பிரவேசத்துக்கு வந்த அத்தை, திருஷ்டி கழியட்டும் என்று கறுப்புக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டது. மண் கிடையாது, தொட்டி கிடையாது, சொட்டுத் தண்ணீர் கிடையாது. பக்கத்தில் படிகாரக் கட்டி வேறு. இலை கொஞ்சம் மெலிந்து உள்பக்கம் குழிந்திருக்கிறது, அவ்வளவுதான், நடுவிலிருந்து புதுக் குருத்து வளைந்து மேலே பார்த்து வருகிறது. எட்டாத உயரத்தில் இருக்கிறதே, அதுதான் அதன் அதிர்ஷ்டம் என்று நேற்று ராத்திரி நானே சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாது.

இன்று காலை ஐந்தரைக்கு வாசலில் ஸ்டூல் இழுக்கிற சத்தம். போய்ப் பார்த்தால் அப்பா, லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு, போன வருஷம் ஆபரேஷன் ஆன முட்டியோடு, ஸ்டூல் மேல். கையில் இஸ்திரிக்குத் தண்ணீர் அடிக்கிற ஸ்ப்ரே பாட்டில்.

"அப்பா, முதல்ல இறங்குங்க."

"ரெண்டே ரெண்டு தெளி. இது மட்டும் என்ன பாவம் பண்ணிச்சு?"

ஸ்டூலின் ஒரு கால் எப்போதுமே ஆடும். பிடித்துக்கொண்டேன். இரண்டு இல்லை, எண்ணிக்கொண்டே இருந்தேன், பதினான்கு தெளி. பாதி என் தலையில்.